கருவில் கிடைக்காதது மடியில் கிடைக்கிறது

பிறந்து அரை மணி நேரமே ஆன கன்றுக்குட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் ஈரம், பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், எழுந்து விழுந்து மறுபடி எழுந்து தாயின் முன்னங்கால் இடுக்கில் மூக்கை நுழைத்து முட்டிப் பார்க்கும், அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வயிற்றை ஒட்டியே தடவிக்கொண்டு பின்னால் போய், தொடைக்கும் மடிக்கும் நடுவில் ஒரு காம்பு வாயில் அகப்படும்வரை விடாது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அதன் ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் ஆன்டிபாடி (கிருமிகளைப் பிடித்து அழிக்க உதவும் எதிர்ப்புப் புரதம்) என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. ஒன்பது மாதத்துக்கும் மேல் தாயின் வயிற்றிலேயே வளர்ந்த உயிர் அது. தாயின் ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துளியும் கன்றுக்கு வந்து சேரவில்லை.

மனிதக் குழந்தைக்கு இப்படி இல்லை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஐஜிஜி வகை ஆன்டிபாடி தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருப்பதுண்டு. நாய்க்குட்டி இரண்டுக்கும் நடுவில். ஆக, தாயிடமிருந்து குட்டிக்கு எதிர்ப்பு சக்தி கைமாறுவது இந்த விலங்குகள் எல்லாவற்றிலும் நடக்கிறது, எப்போது, எந்த வழியாக நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த நேரக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பிறந்த குட்டிகளுக்கு வரும் பாதி நோய்களுக்குக் காரணம் புரிந்துவிடும்.

சரி, முதலில் கருவுக்குப் போவோம், ஏனென்றால் அங்கேயே ஒரு பெரிய புதிர் இருக்கிறது. கருவில் இருக்கும் குட்டியின் மரபணுக்களில் பாதி தகப்பனுடையது. தாயின் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு அது பாதி அன்னியம். வேறொரு விலங்கின் தோலை எடுத்து அந்தத் தாயின் மேல் ஒட்டினால் ஓரிரு வாரத்தில் அது கறுத்துப் போய் உதிர்ந்துவிடும். ஆனால் வயிற்றில் இருக்கும் பாதி அன்னியத்தை மட்டும் மாதக்கணக்கில் ரத்தம் கொடுத்து வளர்க்கிறது. 1953இல் பீட்டர் மெடவார் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இந்தக் கேள்வியைத் தெளிவாக எழுப்பி, மூன்று காரணங்கள் இருக்கலாம் என்றார்: தாயும் கருவும் உடலளவில் பிரிந்திருப்பது, அன்னியம் என்று காட்டிக்கொடுக்கும் கருவின் செல் அடையாளங்கள் இன்னும் முதிராமல் இருப்பது, தாயின் எதிர்ப்பு மண்டலம் மந்தமாகிவிடுவது. இதில் மூன்றாவது காரணம் அப்படியே நிற்கவில்லை. சினையாக இருக்கும் விலங்குக்குத் தடுப்பூசி போட்டால் வேலை செய்கிறது, காயம் பட்டால் ஆறுகிறது, கிருமி வந்தால் சண்டை போடுகிறது. எதிர்ப்பு மண்டலம் மொத்தமாக ஓய்ந்து போவதில்லை, கருப்பையில் மட்டும் அதன் நடத்தை மாறுகிறது. நிறுத்து, அடிக்காதே என்று சொல்லும் கட்டுப்படுத்தும் டி-செல்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) அங்கே கூடுகின்றன. வேறு இடத்தில் கொல்வதற்கென்றே இருக்கும் என்கே செல்கள் என்ற வெள்ளணுக்கள் மனிதரிலும் எலியிலும் கருப்பைக்குள் வந்ததும், கொல்லும் வேலையை விட்டுவிட்டு, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாக வரும்படி ரத்தக் குழாய்களை அகலமாக்கிக் கொடுக்கின்றன.

கருவும் சும்மா இருப்பதில்லை. மாடு, ஆடு மாதிரி அசைபோடும் விலங்குகளில், கரு உண்டாகி இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே, இன்னும் கருப்பைச் சுவரில் சரியாக ஒட்டக்கூட இல்லாத நிலையில், இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரக்கிறது. இன்டர்ஃபெரான் என்றால் வைரஸ் புகுந்ததும் செல்கள் எழுப்பும் அபாயக் குரல். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூலக்கூறை வைத்துத்தான் கரு "நான் வந்துவிட்டேன், அடுத்த பருவச் சுழற்சியை ஆரம்பிக்காதே" என்று தாய்க்குத் தகவல் சொல்கிறது. இந்தச் செய்தி நேரத்துக்குப் போகாவிட்டால் பசு மறுபடி பருவத்துக்கு வந்துவிடும், கரு போய்விடும். நஞ்சுக்கொடியைக் கட்டுவதற்கும் வைரஸ் வீட்டுப் பொருள்தான் உதவுகிறது: பல பாலூட்டிகளில் அதன் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதம், எத்தனையோ காலத்துக்கு முன் நம் மூதாதை விலங்குகளின் மரபணுவில் ஏறி உட்கார்ந்துகொண்ட ரெட்ரோவைரஸ்களிடமிருந்து வந்தது.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது குதிரை. பெண் குதிரை சினையாகி 36-38ஆம் நாள் வாக்கில், கருவைச் சுற்றி வளையமாக இருக்கும் ஒரு பட்டையின் செல்கள் பிரிந்து தாயின் கருப்பைச் சுவருக்குள் புகுந்து அங்கேயே கிண்ணம் கிண்ணமாக உட்கார்ந்துகொண்டு, சினையைத் தாங்கும் ஒரு ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. இந்தச் செல்கள் தகப்பனின் அடையாளத்தை அப்பட்டமாக வெளியே காட்டிக்கொண்டிருப்பவை. தாய் அதைப் பார்த்துவிடுகிறாள். ஆன்டிபாடி உண்டாகிறது, வெள்ளணுக்கள் கிண்ணங்களைச் சுற்றி மொய்க்கின்றன, 100-120 நாளுக்குள் அவை செத்து உதிர்ந்து போகின்றன. அதாவது நிராகரிப்பு உண்மையாகவே நடக்கிறது, ஆனால் அதே கருப்பையில், அதே தகப்பனின் மரபணுவோடு, சில அங்குலம் தள்ளி இருக்கும் குட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை, அது பாட்டுக்கு 11 மாதம் வளர்ந்து பிறக்கிறது. நஞ்சுக்கொடியின் மற்றப் பகுதிகள் தகப்பனின் அடையாளத்தை வெளியே காட்டுவதில்லை, தப்பிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதெல்லாம் தாயின் பக்கம். கருவுக்குள்ளே இன்னொரு வேலை நடந்துகொண்டிருக்கிறது: எது நம்முடையது, எது வெளியாள் என்று படிப்பது. தைமஸ் சுரப்பியில் டி-செல்கள் வளரும்போது, சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்பட்டுவிடும். இந்தப் படிப்பு நடக்கிற காலத்தில் உள்ளே எது இருந்தாலும் அது "நம்மவர்" கணக்கில் சேர்ந்துவிடும் என்பதுதான் விஷயம். 1945இல் ரே ஓவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இரட்டைக் கன்றுகளின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, வெவ்வேறு கருமுட்டையிலிருந்து வந்த கன்றுகள்கூட ஒன்றின் ரத்த அணுக்களை மற்றொன்று வைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். மாட்டின் இரட்டைக் கருக்களில் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடும், அதனால் கருவிலேயே அணுக்கள் கலந்து, வளர்ந்த பிறகும் அவற்றை அன்னியம் என்று உடம்பு நினைப்பதில்லை. மெடவாரின் குழு, தோல் ஒட்டிப் பார்த்தே ஒரே முட்டை இரட்டையா வேறு முட்டை இரட்டையா என்று பிரித்துவிடலாம் என நம்பிக் கன்றுகளில் முயன்று, ஏறக்குறைய எல்லாமே ஒன்றன் தோலை ஒன்று ஏற்றுக்கொண்டதைப் பார்த்துத் திகைத்தது. அந்தத் திகைப்பிலிருந்து ஆரம்பித்த வேலைக்குத்தான் பிறகு 1960இல் மெடவாருக்கும் ஆஸ்திரேலிய விஞ்ஞானி பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதே ஏற்பாட்டை ஒரு வைரஸ் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டிருக்கிறது. மாடுகளைத் தாக்கும் பிவிடி என்ற வைரஸ் கழிச்சல் நோய் இருக்கிறதே, அதன் ஒரு வகை, சினையாகி ஏறத்தாழ 40 நாளிலிருந்து 120 நாளுக்குள் தாய்க்குத் தொற்றினால், வைரஸ் கருவுக்குள் போய்விடும். கருவின் எதிர்ப்பு மண்டலம் அப்போதுதான் "யார் நம்மவர்" என்று கற்றுக்கொண்டிருக்கிறது, வைரஸையும் சேர்த்துக்கொண்டுவிடும். அந்தக் கன்று பிறந்து, சில சமயம் மற்றக் கன்றுகள் மாதிரியே நன்றாகக் கொழுத்து வளர்ந்துகொண்டு, சாகும்வரை மூக்குச் சளியிலும் எச்சிலிலும் சாணத்திலும் வைரஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், தன் உடம்பு அதை ஒருநாளும் எதிர்க்காது. இதே வைரஸ் சினையின் பிற்பாதியில் தொற்றியிருந்தால், கரு தானே ஆன்டிபாடி தயாரித்து அதை விரட்டியிருக்கும். சில வாரம் முன்னே பின்னே ஆனதில், ஒரு கன்று ஆரோக்கியமாகப் பிறக்கிறது, இன்னொன்று மந்தை முழுவதற்கும் நோய் கொடுக்கும் கன்றாகப் பிறக்கிறது. ஒரு பண்ணையில் பிவிடியை ஒழிக்க வேண்டும் என்றால் இந்தக் கன்றுகளைக் கண்டுபிடித்துப் பிரிக்காமல் முடியாது.

சினைக்காலம் முடிகிற நேரத்தில் நிலைமை தலைகீழாக மாற வேண்டும். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த நஞ்சுக்கொடியைத் தாயின் உடம்பு இப்போது அன்னியமாகப் பார்த்து, வெள்ளணுக்களை அனுப்பி, ஒட்டுகளைத் தளர்த்தி வெளியே தள்ள வேண்டும். பசுவில் இது பொதுவாகக் கன்று ஈன்று 12 மணி நேரத்துக்குள் நடந்துவிடும். 24 மணி நேரம் தாண்டியும் நஞ்சுக்கொடி விழவில்லை என்றால் அது பிரச்சினை. வெள்ளணுக்கள் மந்தமாக இருக்கும் பசுக்களில் இது அதிகம் நடக்கிறது. ஈனும் காலத்தை ஒட்டிய வாரங்களில் தாயின் எதிர்ப்பு சக்தி பொதுவாகவே கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். மடிநோயும் கருப்பை அழற்சியும் அந்தச் சமயத்தில் வருவதும், குட்டி போட்ட ஆடுகளின் புழுக்கையில் புழு முட்டைகள் திடீரென்று கூடுவதும் அதனால்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்: தாயின் ஆன்டிபாடி ஏன் கன்றுக்கு வரவில்லை? நஞ்சுக்கொடியில் தாய் ரத்தத்துக்கும் கரு ரத்தத்துக்கும் நடுவே எத்தனை அடுக்கு இருக்கிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறும். குதிரையிலும் பன்றியிலும் ஆறு அடுக்கு. மாட்டிலும் ஆட்டிலும் ஏறத்தாழ அதே கதைதான், தாயின் செல்களும் கருவின் செல்களும் சில இடங்களில் இணைவதைத் தவிர. நாய், பூனையில் நான்கு. மனிதரில் மூன்றுதான், தாயின் ரத்தம் நஞ்சுக்கொடியின் மேலேயே நேராகப் பட்டு ஓடுகிறது. ஆனால் அடுக்கின் எண்ணிக்கை மட்டும் போதாது, ஆன்டிபாடி கனமான புரதம், தானாகக் கசிந்து போகாது. மனித நஞ்சுக்கொடியில் அதைக் கையைப் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டு விடும் ஓர் ஏற்பி இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று பிரிட்டிஷ் விலங்கியலாளர் பிராம்பெல், முயல்களிலும் எலிகளிலும் செய்த ஆய்வுகளை வைத்து, அது கண்ணில் படுவதற்கு வெகு முன்பே சொல்லிவிட்டார். மனிதரில் இந்தக் கடத்தலின் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் நடக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு நோய்த்தொற்று பயம் அதிகம் என்பதற்கு அது ஒரு காரணம். நாய்க்கும் பூனைக்கும் கருவில் 5-10 சதவீதம் அளவுக்கு வருகிறது, மீதி பாலில். மாடு, ஆடு, குதிரை, பன்றிக்கு எல்லாமே பாலில்தான்.

பாலில் எதிர்ப்பு சக்தி வருகிறது என்பதை முதலில் அழகாகக் காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக், 1892இல். அவர் எடுத்துக்கொண்டது குன்றிமணியில் இருக்கும் அப்ரின், ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் என்ற நஞ்சுகள். சுண்டெலிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினார். பழகிய தாயின் குட்டிகள் அந்த நஞ்சைத் தாங்கின. பழகிய தகப்பனின் குட்டிகள் தாங்கவில்லை. அப்புறம்தான் முக்கியமான வேலையைச் செய்தார்: பழகாத தாயின் குட்டிகளை எடுத்துப் பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். பெறாத தாயின் பாலைக் குடித்த அந்தக் குட்டிகளுக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது. இது பரம்பரையாக வரும் குணம் இல்லை, ஒரு பொருள் கை மாறுகிறது என்று அதோடு தெளிவானது. அதற்கு முப்பது வருடம் கழித்து, 1922இல், அமெரிக்க ஆய்வாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும், ஈன்றதும் கறக்கும் முதல் பாலான சீம்பால் கிடைக்காத கன்றுகளில் பெரும்பாலானவை சில நாளிலேயே, ரத்தத்திலும் உறுப்புகளிலும் ஈ-கோலி என்ற குடல் பாக்டீரியா பரவிச் செத்துப்போவதைக் காட்டினார்கள். மற்றக் கன்றுகளுக்கு அதே கிருமி குடலில் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை.

சீம்பாலைத் தாய் ஈன்ற பிறகு தயாரிப்பதில்லை. ஈனுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே பசுவின் மடி, தன் ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி-1 என்ற வகையைத் தேர்ந்தெடுத்து இழுத்துச் சேர்க்க ஆரம்பிக்கிறது. எவ்வளவு இழுக்கிறது என்றால் அந்த வாரங்களில் தாயின் சொந்த ரத்தத்திலேயே அதன் அளவு இறங்கிவிடுகிறது. நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் ஐஜிஜி இருக்கும், சாதாரணப் பாலில் ஒரு கிராம்கூடத் தேறாது. மஞ்சளாகக் கெட்டியாக இருப்பதற்குக் கொழுப்பும் கரோட்டினும் காரணம். கன்றுக்கு வைட்டமின் ஏ-யும் பெரும்பாலும் இதில்தான் வருகிறது. இன்னொரு புரதமும் இருக்கிறது, டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுப்பது. ஏனென்றால் ஆன்டிபாடியும் புரதம்தானே, குடலில் செரித்துவிட்டால் வெறும் சாப்பாடாகப் போய்விடும். கன்றின் வயிற்றிலும் முதல் நாள் அமிலம் குறைவாகத்தான் இருக்கும். எல்லாம் சேர்ந்து அந்தப் புரதம் உடையாமல் சிறுகுடல்வரை போக வழி விடுகிறது.

சிறுகுடலில் நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் ஆச்சரியம். பிறந்த கன்றின் குடல் செல்கள் எதிரே வரும் பெரிய மூலக்கூறுகளை அப்படியே முழுசாக விழுங்கி மறுபக்கம் நிணநீரில் விடுகின்றன, அங்கிருந்து ரத்தத்துக்கு. இது நல்லது கெட்டது பார்த்து நடப்பதில்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் சில மணி நேரம் நன்றாகத் திறந்திருக்கும், 6 மணி நேரத்துக்குப் பிறகு கிடுகிடுவென்று குறைந்து, 24 மணி நேரத்தில் மூடிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு நல்ல சீம்பாலை ஊற்றினாலும் ரத்தத்துக்குப் போகாது. (குடலுக்குள்ளேயே இருந்து கழிச்சல் கிருமிகளைக் கொஞ்சம் தடுக்கும், அதனால் அடுத்தடுத்த நாள் பாலும் வீண் இல்லை.)

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு நெருக்கடி என்று புரியும். 40 கிலோ கன்று, அதற்கு லிட்டருக்கு 50 கிராம் தேறும் சீம்பால் 4 லிட்டர் கொடுக்கிறோம், ஆக 200 கிராம் ஐஜிஜி. சீக்கிரம் கொடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரத்தத்துக்குப் போகும். கன்றின் ரத்தத்தில் பிளாஸ்மா (அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி) மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல் என்றால் லிட்டருக்கு 16 கிராம் வாக்கில் வருகிறது. 10 கிராமுக்குக் கீழே போனால் தாயின் எதிர்ப்பு சக்தி கைமாறவில்லை என்று கால்நடை மருத்துவத்தில் கணக்கு. அதே 4 லிட்டரை 12 மணி நேரம் தள்ளிக் கொடுத்தாலோ, நீர்த்துப்போன சீம்பாலாக இருந்தாலோ, கன்று இரண்டு லிட்டரோடு நிறுத்திக்கொண்டாலோ 10-க்குக் கீழே இறங்கிவிடும். கன்று தள்ளாடி எழுந்து தானே குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடும் இடங்களில் இதுதான் ஆபத்து. கஷ்டப்பட்டுப் பிறந்த கன்று எழவே தாமதமாகும், தொங்கிப்போன மடியில் காம்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது, வெளியே பார்த்தால் மடியை முட்டிக்கொண்டுதான் இருக்கும், வயிற்றுக்குள் எவ்வளவு போனது என்று நமக்குத் தெரியாது.

அதனால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, சுத்தமான பாத்திரத்தில் கறந்து கொடுத்துவிடுவது நல்லது, நஞ்சுக்கொடி விழட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சுத்தம் என்று சொல்வது சும்மா இல்லை: திறந்திருக்கும் குடல் கிருமியையும் உள்ளே விடும், ஆன்டிபாடிக்கு முன்னால் சாணமும் அழுக்கும் வாய்க்குள் போனால் அது முந்திக்கொள்கிறது, சீம்பாலில் கிருமி நிறைய இருந்தால் உறிஞ்சப்படும் ஆன்டிபாடியும் குறைகிறது. ஈன்றதும் சீக்கிரம் கறப்பதும் முக்கியம், நேரம் போகப் போக மடியில் புதுப் பால் சேர்ந்து நீர்த்துவிடும். சீம்பாலின் அடர்த்தியைக் காட்டும் பிரிக்ஸ் மானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 22-க்கு மேல் காட்ட வேண்டும். மிஞ்சியதை உறைய வைத்துக்கொள்ளலாம், ஆனால் உருக்கும்போது கொதிக்கும் நீரில் போட்டால் ஆன்டிபாடி கெட்டுவிடும், மிதமான வெந்நீரில் மெதுவாகத்தான் உருக்க வேண்டும்.

இன்னொன்று: தாயிடம் இல்லாத ஆன்டிபாடி சீம்பாலில் வராது. ரோட்டாவைரஸ், ஈ-கோலி கழிச்சலுக்கான தடுப்பூசியைக் கன்றுக்குப் போடாமல், ஈனுவதற்குச் சில வாரம் முன்பு தாய்க்குப் போடுவது அதனால்தான். குதிரைக்கு டெட்டனஸ், ஆட்டுக்கு குடல் நச்சு நோய்த் தடுப்பூசியும் அதே கணக்கில், ஈனுவதற்கு 4-6 வாரம் முன்பு.

பன்றிக்குட்டியின் கதை இன்னும் அவசரமானது. ஒரே ஈற்றில் பத்துப் பன்னிரண்டு பிறக்கும், ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோகூட இருக்காது, உடம்பில் கொழுப்பே இல்லை, குளிரும், கடைசியில் பிறந்தது வரும்போது நல்ல காம்பெல்லாம் பிடிபட்டிருக்கும். சீம்பாலில் ஆன்டிபாடியோடு தாயின் உயிருள்ள வெள்ளணுக்களும் இருக்கின்றன, அவை குட்டியின் குடல் வழியாக உள்ளே போவது சொந்தத் தாயின் பாலாக இருந்தால் மட்டும்தான். குட்டிகளை வேறு தாயிடம் மாற்ற வேண்டியிருந்தால், முதலில் பெற்ற தாயிடம் சீம்பால் குடிக்க விட்டுப் பிறகு மாற்றுவதற்கு இது ஒரு காரணம்.

பறவைக்குப் பாலே இல்லை, அது எல்லாவற்றையும் முட்டையிலேயே வைத்துவிடுகிறது. மஞ்சள் கருவில் ஐஜிஒய் என்ற ஆன்டிபாடி, வெள்ளைக் கருவில் வேறு வகைகள். டெட்டனஸ் நஞ்சுக்கு எதிராகப் பழக்கிய கோழியின் மஞ்சள் கருவுக்குப் பாதுகாக்கும் சக்தி இருக்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் கிளெம்பெரர் 1893லேயே காட்டிவிட்டார். குஞ்சு பொரிந்து வரும்போது மிச்ச மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும், சில நாளைக்கு அதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

தாய் கொடுப்பது எப்போதும் நன்மையாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பெண் குதிரைக்கு முந்தைய ஈற்றின்போது ஆண் குதிரையின் ரத்த வகைக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாகியிருந்தால், அதுவும் சீம்பாலில்தான் சேரும். குட்டி நன்றாகப் பிறக்கும், துள்ளும், வயிறு நிறையக் குடிக்கும், ஓரிரு நாளில் சோர்ந்து படுத்துவிடும், ஈறு மஞ்சளாகும், சிறுநீர் சிவக்கும். தாயின் ஆன்டிபாடி அதன் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கிறது. பூனையில் பி ரத்த வகைத் தாய்க்கு ஏ வகைக் குட்டி பிறந்தாலும் இதே கதி. அங்கே முந்தைய ஈற்றுகூடத் தேவையில்லை, பி வகைப் பூனைக்கு அந்த ஆன்டிபாடி இயல்பிலேயே இருக்கும். மனிதரில் ஆர்எச் ரத்த வகை மோதல் கருவிலேயே நடந்துவிடுவதும், குதிரையில் பிறந்து பால் குடித்த பிறகுதான் நடப்பதும், நாம் பார்த்த அதே நஞ்சுக்கொடி வித்தியாசத்தால்தான். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்துவிட்டால், குட்டியின் வாய்க்கு மூடி போட்டு, வேறு குதிரையின் சீம்பாலைக் கொடுத்து, தாயின் மடியைக் கறந்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தாயிடம் விட்டால் போதும்; குடலின் கதவு மூடியிருக்கும், அந்தப் பாலால் ஒன்றும் ஆகாது.

வாங்கிய ஆன்டிபாடி தீர்ந்துகொண்டே வரும், சொந்தமாகத் தயாரிப்பது மெதுவாக ஏறும். நடுவில் இரண்டும் குறைவாக இருக்கும் ஒரு பள்ளம் விழுகிறது, கன்றுகளுக்கு அது முதல் மாதத்தை ஒட்டி வருகிறது. இதை நாய்க்குட்டியில் நன்றாகப் பார்க்கலாம். நாய்க்குட்டியில் தாயின் ஆன்டிபாடி ஏறக்குறைய 9-10 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஒரே ஈற்றில் இரண்டு குட்டி, ஒன்று நன்றாகக் குடித்து மற்றதைவிட நான்கு மடங்கு வாங்கிக்கொண்டது என்றால், குறைவாகக் குடித்தது எட்டு வாரத்தில் இறங்கும் அளவுக்கு இது இறங்க இன்னும் 18-20 நாள் ஆகும். தடுப்பூசியில் இருக்கும் வைரஸைத் தாயின் ஆன்டிபாடி அன்னியமாகப் பார்த்துப் பிடித்து அழித்துவிடும், குட்டியின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. ஆக, எட்டு வாரத்தில் இரண்டுக்கும் பார்வோ (நாய்க்குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தரும் வைரஸ்) ஊசி போட்டால் ஒன்றுக்குப் பலித்து மற்றதற்குப் பலிக்காமல் போகலாம். இதைவிட மோசமான ஒரு காலம் உண்டு: மிச்சமிருக்கும் ஆன்டிபாடி ஊசியைக் கெடுக்கப் போதும், ஆனால் வெளியிலிருந்து வரும் நிஜப் பார்வோவைத் தடுக்கப் போதாது. ஊசி போட்டாகிவிட்டது என்று நம்பிக் குட்டியைத் தெருவில் மற்ற நாய்கள் நடமாடும் இடத்துக்குக் கொண்டு போய், ஒரு வாரத்தில் ரத்தக் கழிச்சலோடு தூக்கிக்கொண்டு வருபவர்களின் துயரம் பெரும்பாலும் இந்த இடைவெளியில் நடப்பது. அந்தக் காலம் எந்தக் குட்டிக்கு எந்த வாரம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பலர் எல்லா ஊசியும் சேர்ந்து பலம் கூட்டுகிறது என்று நினைத்துக் கடைசியை விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொன்றும் தாயின் ஆன்டிபாடி வழி விட்டுவிட்டதா என்று பார்க்கும் ஒரு முயற்சி, 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடும் ஊசிதான் தாயின் ஆன்டிபாடி பெரும்பாலும் தீர்ந்துபோன உடம்பில் விழுகிறது. முந்தையவை ஒன்றுகூடப் பலிக்காத குட்டிக்கும் அன்றைக்குத்தான் அதன் சொந்த செல்கள் பார்வோவை முதல்முறையாகப் பார்க்கின்றன.